மாத்திரைக்கு முன்னும் பின்னும்

மெரினா லூப் ரோட்டை ஒட்டிய நொச்சிக்குப்பத்திலிருந்து மயிலாப்பூர் வழியாக தி. நகர் ஜி.என். செட்டி சாலைக்கு ஐந்தாறு கிலோமீட்டர் இருக்கும். வகுப்பில் ஒரு நிமிடம் உட்கார முடியாத எட்டு வயதுப் பையன் இந்த வழியின் எந்த முனையில் பிறந்திருக்கிறான் என்பதைப் பொறுத்து அவன் கதை மாறிவிடுகிறது. தி. நகர் முனையில் என்றால், பள்ளியின் ஆலோசகர் பெற்றோரைக் கூப்பிட்டு, "ஒரு தடவை அசெஸ்மென்ட் பண்ணிப் பாத்துடலாமே" என்பார். நாலைந்து வாரத்தில் அறிக்கை வரும், அதில் ஏடிஹெச்டி, அதாவது கவனக்குறைவு மிகைஇயக்கக் கோளாறு, என்று இருக்கும். குப்பத்து முனையில் என்றால், "இவன் சேட்டை தாங்கலம்மா, கொஞ்சம் கண்டிச்சு வையுங்க" என்று மிஸ் சொல்லி அனுப்புவார். வீட்டில் முதுகில் நாலு விழும். எட்டாவதோ ஒன்பதாவதோ படிக்கும்போது பள்ளிக்கூடம் நின்று போகும்.

முதல் பையனுக்கு மாத்திரை சீக்கிரம் வந்துவிடுமோ என்று ஊரே கவலைப்படுகிறது. இரண்டாவது பையனை டாக்டர் பார்த்ததே இல்லை. கவனக்குறைவு என்று அடையாளம் காணப்பட்ட குழந்தைகளுக்கு மருந்து கொடுக்கலாமா என்று உலகம் அரை நூற்றாண்டுக்கு மேலாக நடத்திவரும் வழக்கில் அவன் கட்சிக்காரனே இல்லை. அவனையும் கூட உட்கார வைத்துக்கொண்டு அந்த வழக்கின் ஆவணங்களைப் புரட்டினால், "மாத்திரை வேண்டுமா, வேண்டாமா" என்பது பாதிக் கேள்விதான் என்று எனக்குத் தோன்றுகிறது. மாத்திரைக்கு முன்னால் என்ன நடந்தது, பின்னால் என்ன நடக்கிறது என்பதில்தான் மீதி இருக்கிறது.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1937இல் அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் சார்லஸ் பிராட்லி என்ற மருத்துவர், தன் மருத்துவமனையில் இருந்த முப்பது குழந்தைகளுக்கு பென்செட்ரின் என்ற ஆம்ஃபெட்டமின் மருந்தைக் கொடுத்துப் பார்த்தார். பாதிப் பேருக்குப் பள்ளிப் பாடத்தில் திடீரென்று ஈடுபாடு வந்தது. குழந்தைகளே அதற்குக் 'கணக்கு மாத்திரை' என்று பெயர் வைத்தார்கள். 1944இல் சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவனத்தில் லியாந்த்ரோ பனிஸோன் மெத்தில்ஃபெனிடேட்டைத் தயாரித்தார். மனைவி மார்கரீட்டின் செல்லப் பெயர் ரீட்டா. மருந்து 'ரிட்டாலின்' ஆகி 1954இல் கடைக்கு வந்தது. 1970இல் ஒமாஹா நகரப் பள்ளிப் பிள்ளைகளில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேர் இத்தகைய மருந்து சாப்பிடுகிறார்கள் என்று வாஷிங்டன் போஸ்ட் எழுத, அமெரிக்க காங்கிரஸில் விசாரணை நடந்தது. சண்டை அன்று தொடங்கியது. 2022இல் அந்த நாட்டில் 3 முதல் 17 வயது வரையிலான பிள்ளைகளில் 11.4 சதவீதம் பேருக்கு, அதாவது சுமார் 70 லட்சம் பேருக்கு, எப்போதோ ஒரு கட்டத்தில் ஏடிஹெச்டி என்று சொல்லப்பட்டிருந்தது. நம் காதில் விழும் பயமெல்லாம் அந்த எண்ணிக்கையிலிருந்து கிளம்பியதுதான்.

மருந்து வேலை செய்கிறதா? செய்கிறது. மூளையின் முன்பகுதியில் டோபமின், நாரட்ரினலின் இரண்டும் சீக்கிரம் உறிஞ்சப்பட்டுவிடாமல் மெத்தில்ஃபெனிடேட் தடுக்கிறது. சாதாரண மாத்திரையின் வேகம் மூன்று நான்கு மணி நேரம் நிற்கும், மெதுவாகக் கரைகிற வகை எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம். 2018இல் லான்செட் சைக்கியாட்ரி இதழில் 133 சோதனைகளைச் சேர்த்து அலசிய ஆய்வு, குழந்தைகளுக்குக் குறுகிய காலத்தில் பலனையும் பக்கவிளைவையும் சேர்த்து எடைபோட்டால் மெத்தில்ஃபெனிடேட்தான் முதல் தேர்வு என்றது. 2025இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த ஸ்வீடன் ஆய்வு, மருந்தைத் தொடங்கியவர்களிடம் தற்கொலை முயற்சி, போதைப் பழக்கம், சாலை விபத்து, குற்ற வழக்கு ஆகியவை குறைவாக இருந்ததைக் காட்டியது. மனநல மருந்துகளில் இவ்வளவு தெளிவாக, இவ்வளவு சீக்கிரம் பலன் காட்டுபவை அதிகம் இல்லை.

ஆனால் எதில் வேலை செய்கிறது என்று கேட்க வேண்டும். 2022இல் வில்லியம் பெல்ஹாமின் குழு ஃபுளோரிடாவில் 173 குழந்தைகளை வைத்து ஒரு கோடை வகுப்பு நடத்தியது. மருந்து சாப்பிட்ட நாட்களில் பிள்ளைகள் அமைதியாக இருந்தார்கள், கொடுத்த கணக்குகளை அதிகம் போட்டார்கள். புதுப் பாடத்தைக் கற்றுக்கொண்ட அளவில் மட்டும் வித்தியாசம் இல்லை. மார்க் ஏறும் என்று நம்பி மாத்திரை வாங்கும் பெற்றோர் நம்மூரில் நிறைய என்பதால் இந்தச் செய்தியைக் கொஞ்சம் உரக்கவே சொல்ல வேண்டியிருக்கிறது. இன்னொரு பழைய ஆய்வையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். 1978இல் ஜூடித் ராப்பபோர்ட், எந்தக் கோளாறும் இல்லாத பதினான்கு சிறுவர்களுக்கு டெக்ஸ்ட்ரோஆம்ஃபெட்டமின் கொடுத்துப் பார்த்தார். அவர்களுக்கும் கவனம் கூடியது, துறுதுறுப்பு அடங்கியது. ஆகவே, "மாத்திரை குடுத்ததும் அடங்கிட்டான் டாக்டர், அப்ப இவனுக்கு அதுதான்" என்ற வாதம் நிற்காது. யாருக்குக் கொடுத்தாலும் ஓரளவு அடங்குவார்கள்.

இந்தத் துறையில் எல்லாத் தரப்பும் தமக்குச் சாதகமாக மேற்கோள் காட்டுகிற ஆய்வு ஒன்று உண்டு. எம்.டி.ஏ. என்பார்கள், 1999இல் வெளிவந்தது. 7 முதல் 9 வயது வரையிலான 579 குழந்தைகளை நான்கு குழுக்களாகப் பிரித்துப் பதினான்கு மாதம் கவனித்தார்கள். முதல் குழுவுக்கு மருந்து, இரண்டாவதற்கு நடத்தைப் பயிற்சி, மூன்றாவதற்கு இரண்டும். நான்காவது குழுவை அவரவர் ஊர் டாக்டரிடமே விட்டுவிட்டார்கள். முக்கிய அறிகுறிகளைப் பொறுத்தவரை மருந்துக் குழுவும் கூட்டுக் குழுவும் மற்ற இரண்டையும் தெளிவாக முந்தின. மருந்துக் கட்சி இந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிடும். மூன்றாம் ஆண்டு முடிவில் நான்கு குழுக்களுக்கும் இடையே வித்தியாசம் மறைந்துவிட்டது. தொடர்ந்து மருந்து எடுத்த பிள்ளைகள், மருந்தே எடுக்காதவர்களைவிட சுமார் 2 சென்டிமீட்டர் உயரமும் 2.7 கிலோ எடையும் குறைவாக வளர்ந்திருந்தார்கள். எதிர்க்கட்சி அந்த இடத்தில் திறந்து வாசிக்கும்.

இரண்டு தரப்பும் தாண்டிப் போகிற பக்கம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஊர் டாக்டரிடம் விடப்பட்ட நான்காவது குழுவிலும் மூன்றில் இரண்டு பங்குப் பிள்ளைகள் மருந்து சாப்பிட்டார்கள், பெரும்பாலும் இதே மெத்தில்ஃபெனிடேட்டைத்தான். இருந்தும் ஆய்வின் மருந்துக் குழுவுக்குக் கிடைத்த பலன் இவர்களுக்குக் கிடைக்கவில்லை. ஆய்வுக் குழுவில் முதல் மாதம் முழுக்க அளவை மாற்றி மாற்றிப் பார்த்து, அந்தக் குழந்தைக்கு எது பொருந்துகிறது என்று கண்டுபிடித்தார்கள். பிறகு மாதாமாதம் அரை மணி நேரம் உட்கார்ந்து பேசினார்கள், ஆசிரியரிடமும் விசாரித்தார்கள். ஊர் டாக்டர் வருடத்துக்கு ஓரிரு முறை பார்த்தார், அளவும் குறைவு. மாத்திரை ஒன்றுதான், அதைக் கொடுத்த விதம் வேறு. மூன்றாம் ஆண்டில் வித்தியாசம் மறைந்ததற்கு ஆராய்ச்சியாளர்கள் பல காரணம் சொல்கிறார்கள். பதினான்காம் மாதத்தோடு அந்த நெருக்கமான கவனிப்பு நின்று, எல்லாப் பிள்ளைகளும் ஊர் டாக்டரிடமே திரும்பிப் போனார்கள் என்பது அவற்றில் ஒன்று. எனக்கு அதுவே பலமான காரணமாகத் தெரிகிறது.

சந்தேகிப்பவர்களின் கையிலும் வலுவான ஆதாரங்கள் உண்டு. 2015இல் மருத்துவச் சோதனைகளைத் தொகுத்து மதிப்பிடும் கொக்ரேன் குழு 185 சோதனைகளைப் பரிசீலித்து, ஆசிரியர்கள் முன்னேற்றம் சொல்வது உண்மை, ஆனால் சோதனைகளின் தரம் மிகவும் தாழ்ந்தது என்றது. மெத்தில்ஃபெனிடேட்டை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்க்கச் சொல்லி வந்த விண்ணப்பங்களை உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2019இலும் 2021இலும் ஏற்கவில்லை. எல்லாவற்றையும்விட என்னை அசைத்தது 2018இல் நியூ இங்கிலாந்து மருத்துவ ஜர்னலில் வந்த ஒரு கணக்கு. செப்டம்பர் 1ஐ வைத்து வயது பார்த்துச் சேர்க்கும் அமெரிக்க மாநிலங்களில், ஆகஸ்டில் பிறந்த பிள்ளைக்கு அதாவது வகுப்பிலேயே சின்னப் பிள்ளைக்கு, செப்டம்பரில் பிறந்த வகுப்புத் தோழனைவிட ஏடிஹெச்டி என்று சொல்லப்படும் வாய்ப்பு 34 சதவீதம் அதிகம். பதினொரு மாதச் சிறுபிள்ளைத்தனத்தையும் நோய்க் கணக்கில் எழுதியிருக்கிறார்கள். தமிழ்நாட்டில் 5 வயது முடிந்ததும் ஒன்றாம் வகுப்பு. இங்கே இரண்டாம் வகுப்பு மிஸ் கொடுக்கும் புகாரை வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது பிறந்த தேதியை.

இனி நம் ஊர்க் கணக்கு. கோயம்புத்தூரில் ஜோத்ஸ்னா வெங்கடாவும் அனுஜா பணிக்கரும் நான்கு பள்ளிகளில் 770 குழந்தைகளிடம் நடத்திய ஆய்வு 2013இல் இந்திய மனநல மருத்துவ இதழில் வந்தது. 6 முதல் 11 வயது வரையிலானவர்களில் 11.32 சதவீதம் பேருக்கு ஏடிஹெச்டி. உலக அளவில் பொதுவாகச் சொல்லப்படுவது சுமார் ஐந்து சதவீதம். வருமானம் குறைந்த குடும்பங்களில் 16.33 சதவீதம், நடுத்தரக் குடும்பங்களில் 6.84 சதவீதம். நோய் பணக்காரப் பிள்ளைகளின் சொகுசு என்று நினைப்பவர்களுக்கு இது தலைகீழான செய்தி. ஆனால் அப்படியே விழுங்கவும் கூடாது. இந்த ஆய்வு பயன்படுத்தியது கான்னர்ஸ் மதிப்பீட்டுத் தாள். பெற்றோரும் ஆசிரியரும் நிரப்புவது. அந்தத் தாளை உருவாக்கிய கீத் கான்னர்ஸே கடைசிக் காலத்தில், தன் நாட்டில் இந்த நோய்ப்பெயர் கண்டபடி வாரி வழங்கப்படுகிறது என்று வெளிப்படையாக வருந்தியவர். ஒரு பிள்ளை அலைபாய்கிறது என்பதைத்தான் தாள் சொல்லும். ஏன் என்பதை அது சொல்லாது.

அந்த 'ஏன்' சென்னையில் நீளமானது. 3 முதல் 7 வயது வரையிலான 756 சென்னைக் குழந்தைகளின் ரத்தத்தில் ஈயத்தை அளந்த ஆய்வு ஒன்று 2009இல் வந்தது. சராசரி டெசிலிட்டருக்கு 11.4 மைக்ரோகிராம். அன்று அமெரிக்கா எச்சரிக்கைக் கோடாக வைத்திருந்தது 10, இன்று அது 3.5. ஈயம் கூடக் கூட, ஆசிரியர்கள் நிரப்பிய தாளில் கவனக்குறைவு மதிப்பெண்ணும் கூடியது. பெட்ரோலில் ஈயம் 2000இல் நின்றுவிட்டது, வீட்டு பெயின்டுக்கு 2017 முதல் கடுமையான வரம்பு இருக்கிறது. பழைய சுவர்களில் பெயின்ட் இன்னும் உரிந்துகொண்டுதான் இருக்கிறது. வலையின் அடிக்கயிற்றில் எடைக்குக் கோக்கும் ஈயம் வாசலிலேயே கிடக்கும் மீனவர் வீடுகளில், பையன் ஏன் இப்படி ஓடுகிறான் என்று கேட்கும் டாக்டர் இதையும் கேட்க வேண்டும். அங்கே ரத்தப் பரிசோதனை எழுதிக்கொடுப்பது மாத்திரை எழுதிக்கொடுப்பதைவிட அவசரமான வேலையாக இருக்கலாம்.

ரத்தசோகையும் அப்படித்தான். ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 57.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. இரும்புச்சத்து குறைந்த பிள்ளையும் பாடத்தில் ஒட்டமாட்டான். சீழ் வடியும் காதோடு உட்கார்ந்திருப்பவனுக்கு மிஸ் சொல்வது கேட்காது. அடுத்தது தூக்கம். ஒற்றை அறைக் குடியிருப்பில் டிவி அணைந்து எல்லோரும் படுக்கப் பத்து பதினொன்று ஆகும். விடிவதற்கு முன்னால் அப்பா கடலுக்குக் கிளம்ப, அம்மா ஏலத்துக்குக் கிளம்ப, வீடே எழுந்துவிடும். தூக்கம் கெட்ட பெரியவர் கொட்டாவி விடுவார். தூக்கம் கெட்ட குழந்தை பெரும்பாலும் ஆட்டம் போடும். இவற்றையெல்லாம் கழித்த பிறகும் மிஞ்சும் பிள்ளைகள் இருப்பார்கள், உண்மையான ஏடிஹெச்டியோடு, நிச்சயமாக. கழிக்காமல் கொடுக்கும் மாத்திரைதான் தப்பு.

மிஞ்சும் அந்தப் பிள்ளைக்கு என்ன செய்வது என்பதில் நெறிமுறைகளுக்கிடையே பெரிய பிணக்கு இல்லை. பள்ளிக்கு முந்தைய வயதில் முதலில் பெற்றோர் பயிற்சி. பள்ளி வயதில் மருந்தும் நடத்தைப் பயிற்சியும் சேர்த்து என்கிறது அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி. வீட்டையும் வகுப்பறையையும் முதலில் சரிசெய்யுங்கள், அப்படியும் சிரமம் தொடர்ந்தால் மருந்து என்கிறது பிரிட்டனில் மருத்துவ நெறிமுறைகளை வகுக்கும் நைஸ் அமைப்பு. இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கமும் 2017இல் ஒரு பொதுக் கருத்து அறிக்கை வெளியிட்டிருக்கிறது. நடைமுறையில் நம்மூர்ப் பெற்றோரும் பல நிபுணர்களும் எந்த வயதானாலும் "முதல்ல தெரபி, மருந்தெல்லாம் கடைசியில" என்கிறார்கள். கேட்க இதமாகத்தான் இருக்கிறது.

எனக்குச் சங்கடம் இந்த இதத்தில்தான். தெரபி என்பது வாரத்துக்கு இரண்டு மூன்று அமர்வு, ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டணம். மயிலாப்பூரிலும் அடையாறிலும் அதற்கான நிலையங்கள் தெருத்தெருவாக முளைத்திருக்கின்றன. நாலைந்து அமர்வுக் கட்டணத்துக்குள் ஒரு மாத மாத்திரை பெரும்பாலும் அடங்கிவிடும். மீன் விற்கும் அம்மா பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வாரத்துக்கு மூன்று நாள் போனால் கட்டணம் ஒரு பக்கம், விற்காத மீன் இன்னொரு பக்கம். அவளிடம் போய், "இன்னும் ஆறு மாசம் தெரபி பாருங்கம்மா, அப்புறம் மருந்தைப் பத்தி யோசிக்கலாம்" என்றால், அவளுக்கு ஒன்றுமே கொடுக்கவில்லை என்றுதான் பொருள். மருந்துக்கு எதிரான அறச்சீற்றம், மருந்தில்லாத வழிக்குக் காசு கட்ட முடிந்தவர்களின் வசதியாக மாறிப்போகும் இடம் இது. தெரபி வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. பெற்றோர் பயிற்சியைப் பத்துப் பேரைக் கூட்டிவைத்து அங்கன்வாடியிலோ மாநகராட்சிப் பள்ளியிலோ மாலை நேரத்தில் நடத்தலாம். அதை நடத்தாதவரை 'முதலில் தெரபி' என்பது ஏழைப் பிள்ளைக்குக் கதவைச் சாத்துகிற வாக்கியம்.

சரி, மாத்திரை கிடைத்தது என்றே வைத்துக்கொள்வோம். மெத்தில்ஃபெனிடேட் இந்தியாவில் 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்துக்குள்ளும், மருந்து விதிகளின் எக்ஸ் அட்டவணைக்குள்ளும் வருகிறது. கடைக்குத் தனி உரிமம் வேண்டும், மருந்துச் சீட்டு இரண்டு பிரதி வேண்டும், ஒன்றை இரண்டு ஆண்டு கடையிலேயே வைத்திருக்க வேண்டும், மருந்தைப் பூட்டி வைக்க வேண்டும். இவ்வளவு தொல்லை எதற்கு என்று பல கடைக்காரர்கள் வாங்கி வைப்பதே இல்லை. அமெரிக்காவைப் போல் கல்லூரி விடுதிகளில் இது கைமாறாமல் இருக்க இந்தக் கெடுபிடி உதவியிருக்கிறது. அதை நான் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் அதே கெடுபிடியால், மாத்திரை தீர்ந்த வாரத்தில் ஒரு அப்பா நாலு கடை ஏறி இறங்கிவிட்டு, அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார். இந்தத் தொல்லை இல்லாத அட்டோமாக்ஸடின் என்ற மாற்று மருந்து இருக்கிறது, அது முழுப் பலன் காட்ட வாரக்கணக்கில் ஆகும்.

கண்காணிப்பு என்றால் பெரிய விஷயம் என்று பயப்பட வேண்டாம். எடை, உயரம், நாடி, ரத்த அழுத்தம், தூக்கம், பசி, ஆசிரியரிடமிருந்து நாலு வரி. இவற்றில் பசி நம்மூருக்கென்றே தனியாக யோசிக்க வேண்டியது. காலையில் சாப்பிட்ட மாத்திரை மதியம் பசியைக் கொன்றுவிடும். வீட்டில் நாலு வேளையும் எதையாவது கொடுக்க முடிந்த பிள்ளைக்கு இது சின்னத் தொல்லை. நாளின் முக்கியச் சாப்பாடே பள்ளிச் சத்துணவாக இருக்கும் பிள்ளைக்கு, மாத்திரை அந்தத் தட்டையே தள்ளிவிடுகிறது. 2 சென்டிமீட்டர், 2.7 கிலோ என்ற கணக்கை ஏற்கெனவே எடை குறைந்த பிள்ளையின் மீது வைத்துப் பார்க்க வேண்டும். இந்த விஷயத்தில், 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கி அடுத்த ஆண்டு மாநிலம் முழுவதும் விரிந்த முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம், அதைத் தொடங்கியவர்களே நினைத்திராத ஒரு உதவியைச் செய்யக்கூடும். முதலில் பொங்கலோ உப்புமாவோ வயிறு நிறைய, பிறகு மாத்திரை. மருந்தின் வேகம் அடங்கும் மாலையில் இன்னொரு நல்ல சாப்பாடு. இந்த வரியை இங்கே டாக்டர்தான் எழுத வேண்டும்.

குப்பத்துப் பிள்ளைகளைப் பற்றிப் பேசும்போது படித்தவர்கள் வாயில் வரும் இன்னொரு வாதம் உண்டு. வகுப்பறைதான் இவர்களுக்குப் பொருந்தவில்லை, கடலில் விட்டால் ராஜா மாதிரி இருப்பான், எதற்கு நோய் என்று சொல்லி மருந்து கொடுக்கிறீர்கள் என்பார்கள். இதற்கு அறிவியல் ஆதரவும் கொஞ்சம் இருக்கிறது. 2008இல் கென்யாவின் அரியால் மக்களிடம் நடந்த ஆய்வில், ஏடிஹெச்டியோடு தொடர்புபடுத்தப்படும் ஒரு மரபணு வகை இருந்தவர்கள் நாடோடி வாழ்க்கையில் நல்ல ஊட்டத்தோடும், ஊரில் குடியமர்ந்தவர்களிடையே மெலிந்தும் இருந்தார்கள். சுவாரசியமான செய்திதான். ஆனால் இதை நொச்சிக்குப்பத்தின் மேல் போர்த்துபவர்கள் ஃபைபர் படகில் ஒரு இரவு போய்விட்டு வந்து பேசலாம். இன்ஜின், ஜி.பி.எஸ்., டீசல் கணக்கு, கடன் கணக்கு, வலை எங்கே மாட்டியிருக்கிறது என்ற நினைவு எல்லாம் கவனம் கேட்பவை. கவனம் சிதறினால் விரல் போகும், சில நேரம் ஆளே போவான். தன் மகனுக்கு டியூஷன் வைத்துவிட்டு மீனவர் மகனுக்குக் கடலைக் காட்டும் இந்தக் கரிசனம் எனக்குப் பிடிப்பதில்லை.

கடைசியாக, அரசு எங்கே நிற்கிறது. 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின் கீழ் மருத்துவக் குழு அரசுப் பள்ளிகளுக்கு வந்து பிள்ளைகளைப் பரிசோதிக்கிறது. அது தேட வேண்டிய முப்பது கோளாறுகளின் பட்டியலில் ஏடிஹெச்டி இருக்கிறது. எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையும், 1794 முதல் இருக்கும் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையும் காசு கேட்காமல் பார்க்கின்றன. ஆனால் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 ஏற்றுக்கொண்ட 21 வகைகளில் கற்றல் குறைபாடு உண்டு, ஆட்டிசம் உண்டு, ஏடிஹெச்டி இல்லை. எழுத்துக் கூட்டத் திணறும் பிள்ளைக்குச் சான்றிதழ் வாங்கித் தேர்வில் கூடுதல் நேரம் கேட்கலாம். 1991 முதல் இயங்கும் மெட்ராஸ் டிஸ்லெக்சியா சங்கம் போன்றவை அதற்காக நெடுங்காலம் உழைத்திருக்கின்றன. எழுத்து நன்றாக வரும், உட்காரத்தான் முடியாது என்கிற பிள்ளைக்கு அந்தச் சான்றிதழ் இல்லை. பெற்றோரில் சிலர் இவனுக்கு டிஸ்லெக்சியாவும் இருக்கிறது என்று எழுதித் தரும்படி கேட்பதும், நிபுணர்கள் தர்மசங்கடத்தில் நெளிவதும் இதனால்தான். கூடுதலாக அரை மணி நேரமும் ஜன்னலைப் பார்க்காத ஓர் இருக்கையும் கிடைத்தால் மாத்திரையின் அளவைக் குறைத்துக்கொள்ளக்கூடிய பிள்ளைகள் உண்டு. மாத்திரையே தேவைப்படாதவர்களும் சிலர் இருப்பார்கள். இன்றைய நிலையில் அரசுக் குழு இவர்களைக் கண்டுபிடித்துக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்கிறது, தேர்வு அறையில் மற்றவர்களுக்கு அடிக்கும் அதே மணிதான் இவர்களுக்கும் அடிக்கிறது.